தோல்வியில் அரவணைத்த தலைவர் உமர் (ரலி)

ஹிஜ்ரி 13 (கி.பி. 634). உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாகப் பொறுப்பேற்ற தொடக்க நாட்கள். பாரசீகப் படைகளை எதிர்கொள்ள இராக் செல்லுமாறு மதீனா மக்களை அழைத்தார்கள். பாரசீகத்தின் பலத்தை எண்ணி மூன்று நாட்கள் எவரும் முன்வரவில்லை. நான்காம் நாள் முதலில் எழுந்தவர் தகீஃப் கோத்திரத்தைச் சேர்ந்த அபூ உபைத். மூத்த நபித்தோழர்கள் பலர் இருக்க, முதலில் முன்வந்தவர் என்பதால் அவரையே உமர் (ரலி) தளபதியாக்கினார்கள்.

புராத் நதிக்கரையில் பாரசீகப் படை எதிரே நின்றது. அனுபவமுள்ளவர்கள் தடுத்தும் கேளாமல் அபூ உபைத் பாலத்தின் வழியே படையை அக்கரைக்குக் கொண்டு சென்றார். யானைகளைக் கண்டு முஸ்லிம்களின் குதிரைகள் மிரண்டன. யானை ஒன்றைத் தாக்கச் சென்ற தளபதி அங்கேயே கொல்லப்பட்டார். யாரும் ஓடிவிடக் கூடாது என்று ஒருவர் பாலத்தையும் அறுத்துவிட, பலர் ஆற்றில் மூழ்கினர். முஸன்னா இப்னு ஹாரிஸா (ரலி) காயத்துடன் எதிரியைத் தடுத்து நின்று, பாலத்தைச் சீராக்கி, எஞ்சியவர்களைக் கரைசேர்த்தார்கள். இழப்பு சுமார் 4,000 பேர் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

தப்பியவர்களில் சிலர் மதீனா திரும்பினர். சிலர் வெட்கத்தால் ஊருக்குள் வரவே தயங்கினர். கண்டிப்புக்குப் பெயர்பெற்ற உமர் (ரலி) என்ன செய்வார்களோ என்ற அச்சம் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் ஒருவரையும் கடியவில்லை. போரில் புறமுதுகிடுவதைக் கண்டிக்கும் அன்ஃபால் அத்தியாயத்தின் 16ஆவது வசனம், தம் கூட்டத்தாருடன் சேரப் பின்வாங்குபவருக்கு விலக்கு அளிக்கிறது. அந்தக் கூட்டம் தாமே என்றும், அவர்கள் ஓடிவரவில்லை, தம்மிடமே வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்றும் உமர் (ரலி) ஆறுதல் கூறினார்கள். அவ்வசனத்தை ஓதும்போதெல்லாம் அழுத முஆத் என்பவரையும் இப்படியே தேற்றினார்கள். இறந்துபோன அபூ உபைதுக்காக அல்லாஹ்வின் அருளை வேண்டினார்கள்; அவர் பின்வாங்கி வந்திருந்தால் அவருக்கும் தாம் அரணாக இருந்திருப்போம் என்றார்கள்.

ஆறுதலோடு விடவில்லை, மறுவாய்ப்பும் தந்தார்கள். அந்தப் போரிலிருந்து திரும்பிய ஸஅத் இப்னு உபைத் (ரலி) அவர்களிடம் ஷாமுக்குச் செல்ல விருப்பமா என்று கேட்டார்கள். தாம் எங்கிருந்து ஓடிவந்தாரோ அந்த மண்ணுக்கே செல்வேன் என்றார் அவர். இராக் சென்று, காதிஸிய்யா போரில் ஷஹீதானார்.

அந்தக் காதிஸிய்யாவில்தான் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) தலைமையில் பெரும் வெற்றி கிடைத்தது. செய்திக்காக உமர் (ரலி) நாள்தோறும் மதீனாவின் எல்லைக்குச் சென்று காத்திருந்தார்கள். ஒருநாள் தூதர் ஒட்டகத்தில் வந்தார். தம்முடன் பேசுபவர் யாரென்று அவருக்குத் தெரியாது. அவர் மேலே அமர்ந்து வெற்றியை விவரித்தபடி வர, கலீஃபா கூடவே நடந்தும் ஓடியும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஊருக்குள் மக்கள் அமீருல் முஃமினீன் என்று ஸலாம் கூறியபோதுதான் தூதர் பதறிப்போனார். அதனாலொன்றும் இல்லை என்று உமர் (ரலி) அவரை அமைதிப்படுத்தினார்கள்.

வெற்றியிலும் ஓர் ஆபத்து உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களைப் பொறுப்பிலிருந்து நீக்கியபோது, அது கோபத்தாலோ மோசடியாலோ அல்ல, வெற்றி தருபவன் அல்லாஹ்வே என்பதை மக்கள் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே என்று எல்லாப் பகுதிகளுக்கும் எழுதினார்கள். பதவி போனாலும் மானம் போகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஸஅத் (ரலி) விஷயத்திலும் அப்படியே. கூஃபா மக்கள் புகார் செய்தபோது ஆளனுப்பி விசாரித்து, பிறகு அவரை ஆளுநர் பொறுப்பிலிருந்து விடுவித்தார்கள். கி.பி. 644இல் கத்தியால் குத்தப்பட்டு மரணப் படுக்கையில் கிடந்தபோது, அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் 6 பேரில் அவரையும் சேர்த்தார்கள். திறமைக் குறைவாலோ மோசடியாலோ அவரை நீக்கவில்லை என்று அந்த நிலையிலும் தெளிவுபடுத்தினார்கள்.

நம் வீட்டில் தேர்வில் தோற்ற பிள்ளையும், நம் கடையில் கணக்கில் தவறிய பணியாளரும் தயங்கித் தயங்கித்தான் நம்மிடம் வருகிறார்கள். அவர்கள் திரும்பி வந்து சேரக்கூடிய இடமாக நாம் இருக்கிறோமா?