காரீயத்தின் பிறப்பிடத்தை அறிய வழிகாட்டிய ஃபிரெடெரிக் சாடி

ஓர் ஊரின் மண்ணில் காரீயம் கலந்திருந்தால் அது வாகனப் புகையிலிருந்து வந்ததா, பழைய வர்ணப்பூச்சிலிருந்தா, உலோக உருக்காலையிலிருந்தா என்பதை இன்று பல வேளைகளில் கண்டறிய முடிகிறது. மாசுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை தேட உதவும் இந்த முறைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் வேதியியலாளர் ஃபிரெடெரிக் சாடி. அவரது ஆராய்ச்சி வாழ்வுக்குத் திசைகாட்டியது கனடாவின் மொன்றியல் நகரம்.

1877 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் பிறந்த சாடி, ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றார். டொரொன்டோவில் பேராசிரியர் பதவியை நாடி 1900 இல் கனடா சென்ற அவருக்கு அது கிடைக்கவில்லை. மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வேதியியல் செய்முறை பயிற்றுநராகச் சேர்ந்தார்.

அங்கு இயற்பியல் பேராசிரியராக இருந்த எர்னஸ்ட் ரதர்ஃபோர்டுடன் 1901 முதல் 1903 வரை இணைந்து ஆராய்ந்தார். தோரியம் தானாகவே சிதைந்து வேறு தனிமங்களாக மாறுவதை இருவரும் நிறுவினர். 1908 இல் ரதர்ஃபோர்டுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, சாடியின் பெயர் அதில் இடம்பெறவில்லை.

வேதியியல் பண்பில் ஒன்றாகவும், அணு எடையில் வேறாகவும் உள்ள அணுக்கள் ஒரே தனிமத்தில் இருக்கலாம் என்று 1913 இல் கிளாஸ்கோவில் பணியாற்றியபோது சாடி விளக்கினார். அவற்றுக்கு ஐசோடோப்பு என்ற பெயரைப் பரிந்துரைத்தவர் மருத்துவரும் எழுத்தாளருமான மார்கரெட் டாட்.

இக்கருத்துக்குச் சான்றளித்ததில் இலங்கைக்கும் பங்குண்டு. சாதாரண காரீயத்தின் அணு எடை சுமார் 207.2. இலங்கையில் கிடைத்த தோரைட் கனிமத்திலிருந்து பிரித்த காரீயமோ சுமார் 207.7 எடை கொண்டிருந்தது. யுரேனியக் கனிமங்களிலுள்ள காரீயம் 206 ஐ ஒட்டியே இருப்பதை அமெரிக்காவின் தியோடர் ரிச்சர்ட்ஸ் கண்டறிந்தார்.

காரணம் இதுதான்: காரீயத்தின் 206, 207 ஐசோடோப்புகள் யுரேனியச் சிதைவாலும், 208 தோரியச் சிதைவாலும் பெருகுகின்றன; 204 அவ்வாறு பெருகுவதில்லை. ஆகவே இவற்றின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறுபடுகிறது. உலோகத்தை உருக்கினாலும் பெட்ரோலுடன் எரித்தாலும் அவ்விகிதம் பெரிதும் மாறுவதில்லை.

மொன்றியல் அமைந்துள்ள கியூபெக்கின் தென்பகுதியில், மரங்களில் படரும் லைக்கன்களை 1990 களில் ஆராய்ந்த விஞ்ஞானிகள், காற்றில் வந்த காரீயத்தில் கனடாவினுடையதையும் அமெரிக்காவினுடையதையும் இம்முறையிலேயே வேறுபடுத்தினர். காரீயம் கலந்த பெட்ரோலை வாகனங்களுக்குப் பயன்படுத்த கனடா 1990 இல் தடை விதித்தது. இந்தியா அதை 2000 இல் கைவிட்டது. ஆனால் மண்ணில் படிந்த காரீயம் எளிதில் அகல்வதில்லை.

1921 ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு சாடிக்கு வழங்கப்பட்டது. பிற்காலத்தில் பொருளாதாரத்தைப் பற்றியும், அறிவியலாளரின் சமூகப் பொறுப்பைப் பற்றியும் எழுதிய அவர், 1956 இல் பிரைட்டனில் காலமானார்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. சந்தேகத்துக்குரிய இரு ஆலைகளும் ஒரே சுரங்கத்தின் தாதுவைப் பயன்படுத்தியிருந்தால், ஐசோடோப்பு விகிதத்தைக் கொண்டு மட்டும் அவற்றைப் பிரித்தறிய இயலாது. மாசின் மூலம் தெரிந்த பின்னரும், மண்ணைத் தூய்மைப்படுத்தும் பொறுப்பு அரசுகளிடமும் ஆலைகளிடமுமே எஞ்சி நிற்கிறது.