இரட்டைமலையார் கேட்ட நீதி

ஆண்டுதோறும் ஜூலை 7-ல் இரட்டைமலை சீனிவாசனுக்கு மாலை அணிவிக்கிறோம். 'பறையன்' இதழ் நடத்தியவர், வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் என்று பேசிவிட்டுக் கலைகிறோம். குற்றவியல் சட்டம் நம் மக்களுக்கும் காவலாக இருக்க வேண்டும் என்று போராடியவர் அவர் என்பதை ஏனோ விட்டுவிடுகிறோம்.

மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் 1859-ல் பிறந்தார். சென்னை மாகாணத்தில் 1816-ம் ஆண்டு ஆங்கிலேயர் கொண்டுவந்த ஒழுங்குவிதி ஒன்று உண்டு. அதன்படி சின்னக் குற்றங்களுக்கு ஊர்த் தலைவரே தண்டனை தரலாம். மற்றவர்களைக் கிராமச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைக்கலாம். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களைத் தொழுக்கட்டையில் 6 மணி நேரம் வரை மாட்டலாம். குற்றம் ஒன்றுதான், சாதிக்கொரு தண்டனை.

1891-ல் பறையர் மகாஜன சபையைக் கண்டார். 1893-ல் இதழைத் தொடங்கினார். அதில் வெளியான ஒரு கடிதத்துக்காக 1896-ல் நீதிமன்றத்தில் நின்று 100 ரூபாய் அபராதம் கட்டினார். பிறகு தென்னாப்பிரிக்கா சென்று, அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார்.

ஊர் திரும்பி 1923-ல் சட்டசபை உறுப்பினரானார். பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று 1924-ல் சட்டசபை தீர்மானித்தது. அதற்காக வாதாடியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் தடுப்பவனுக்குத் தண்டனை இல்லாவிட்டால் தீர்மானம் காகிதமாகவே கிடக்கும். 1930-ல் லண்டனில் அம்பேத்கரோடு சேர்ந்து அவர் அளித்த திட்டம் இதைத்தான் சரிசெய்யக் கேட்டது. சம உரிமையை மறுப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை. ஊர்விலக்கம் செய்தாலும் தண்டனை. அரசுப் பணிகளில் நமக்கு உரிய பங்கும் வேண்டும் என்றது அத்திட்டம்.

1945-ல் அவர் மறைந்தார். 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தன. சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றினாலும், காவல்துறை மாநில அரசின் கையில்தான் இருக்கிறது. புகாரோடு போகும் நம் மக்களைச் சமாதானமாகப் போகச் சொல்லும் நிலையங்கள் இன்றும் உண்டு. கடமை தவறும் அதிகாரிக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது அச்சட்டத்தின் 4-ம் பிரிவு. ஆனால் நிர்வாக விசாரணை பரிந்துரைத்தால்தான் வழக்கே பதிவாகும். அதிகாரியின் தவறை அரசு நிர்வாகமே விசாரித்தால் நியாயம் எப்படிக் கிடைக்கும்?

எனவே நாம் மாநில அரசிடம் கேட்பவை மூன்று. காவல்துறையைச் சாராத ஒருவர் தலைமையில் புகார் ஆணையம் வேண்டும். எல்லா மாவட்டத்திலும் வன்கொடுமை வழக்குகளுக்கு மட்டுமேயான நீதிமன்றம் வேண்டும். விதிப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் முதல்வர் தலைமையில் கூட வேண்டிய கண்காணிப்புக் குழு தவறாமல் கூடி, அதன் முடிவுகளை மக்கள் முன் வைக்க வேண்டும்.

இரட்டைமலையார் பிறந்ததும் ஜூலையில்தான். அடுத்த ஜூலையில் மாலையோடு இந்தக் கோரிக்கை மனுவையும் எடுத்துச் செல்வோம்.