இரேடியம் தந்த மேரி கியூரி அம்மையார்

1891 ஆம் ஆண்டு, லா சப்பலுக்கு அருகே நாம் நாளும் கடக்கும் கார் து நோர் புகையிரத நிலையத்தில் வந்திறங்கினார் மரியா ஸ்கொடோவ்ஸ்கா. உருசியர் ஆட்சியில் தாய்மொழிக் கல்வி மறுக்கப்பட்ட போலந்தில், உழவர் பிள்ளைகளுக்குத் தண்டனைக்கு அஞ்சாது எழுத்தறிவித்தவர் அவர். (நம் வகுப்புகளை எவரும் தடுப்பதில்லை; ஆயினும் பிள்ளைகளின் வரவு நாமறிந்ததே.)

1898 இல் கணவர் பியருடன் பொலோனியம், இரேடியம் ஆகியவற்றைக் கண்டறிந்ததும், இருமுறை நோபல் பரிசு பெற்றதும் பாடநூல்களில் உள்ளவை. நாம் கூற விழைவது 1914 இல் பாரிசில் எழுந்த இரேடியம் கழகத்தைப் பற்றியது. அங்கு அம்மையார் பௌதிக ஆய்வை நடத்த, மருத்துவ ஆய்வைக் குளோடியஸ் ரெகோ நடத்தினார். செம்மறிக் கடாக்களில் ஒரே முறையாகச் செலுத்திய கதிர் தோலைச் சுட்டது. பல நாள்களுக்குப் பகிர்ந்து செலுத்தியபோது தோல் தப்ப, உள்ளே பெருகும் கலங்கள் மடிந்தன. புற்றுநோய்ச் சிகிச்சையும் அவ்வழியே சென்றது.

பகிர்வு பலனளித்த காரணங்களுள் ஒன்று பின்னரே புலனாயிற்று. 1953 இல் இங்கிலாந்தில் கிரே என்பாரும் தோழர்களும், பிராணவாயு குன்றிய கலங்கள் கதிருக்கு எளிதில் மடியா என்று காட்டினர். அவற்றுக்கு ஏறத்தாழ மும்மடங்கு கதிர் வேண்டும். குருதி எட்டாத கட்டியின் நடுவிலுள்ள கலங்கள் இவ்வாறே பிழைத்து, நோயை மீண்டும் வளர்க்கின்றன. பகிர்ந்து செலுத்துகையில் வெளிக்கலங்கள் முதலில் மடிய, இடைநாள்களில் உள்ளேயும் பிராணவாயு புகுகிறது. அடுத்த பங்கு அவற்றையும் தாக்குகிறது. டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுநோயாளருக்கு, பிராணவாயுவின் பணியை ஓரளவு செய்யும் நிமோரசோல் மருந்தையும் கதிருடன் வழங்குகின்றனர்.

இவற்றை அறியாமலே, நெடுங்காலம் கதிர் பட்டதால் என்பு மச்சை பழுதுற்று, 1934 யூலை 4 இல் அம்மையார் மறைந்தார். அவரது ஆய்வுகூடம் இன்று கியூரி அரும்பொருட்காட்சியகம். பெற்றோர் ஒருமுறையேனும் பிள்ளைகளை அழைத்துச் செல்வாராக.