பழனி சாலையில் ஓடிய பேருந்து



ஞாயிறு திருப்பலி முடிந்ததும் புதிய வாகனங்களை மந்திரிப்பதற்காகக் கோவில் முன் கொண்டுவந்து நிறுத்துவது கணபதிப் பகுதியில் பழகிய காட்சிதான். அண்மையில் அப்படி ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. தீர்த்தம் தெளித்து முடித்ததும், வண்டி எப்படி ஓடுகிறது என்று அந்தத் தம்பியிடம் பேச்சுக்குக் கேட்டோம். விலையையோ மைலேஜையோ அவர் சொல்லவில்லை. அவினாசி சாலை மேம்பாலத்தில் 120-ஐத் தொட்டுவிட்டது ஃபாதர் என்றார். அருகில் நின்ற அவருடைய அம்மாவின் முகத்தை நாம் பார்த்தோம், அவர் பார்க்கவில்லை.

அந்த மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் ஜி.டி. நாயுடு. அவருடைய கதையும் ஒரு மோட்டார் சைக்கிளில்தான் தொடங்குகிறது என்பதை அந்தத் தம்பி அறிந்திருப்பாரோ என்னவோ.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றுவிட்டது. இளைஞராக இருந்தபோது, ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி தானே ஓடுகிறது! அதை எப்படியும் வாங்கிவிட வேண்டும் என்று கோவைக்கு வந்து, ஓட்டலில் பரிமாறும் வேலை செய்து காசு சேர்த்தார். வாங்கியதும் அதைத் துண்டு துண்டாகக் கழற்றினார், மறுபடியும் பூட்டினார். எவ்வளவு வேகம் போகும் என்பதைவிட, எப்படிப் போகிறது என்பதே அவருடைய கேள்வியாக இருந்தது. நம் பார்வையில் அவருடைய வாழ்வு முழுவதும் அந்த ஒரு கேள்வியின் நீட்சிதான்.

1920-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பேருந்து வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். அந்த ஒற்றைப் பேருந்து வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆயிற்று. 1930-களில் இருநூறுக்கும் மேற்பட்ட வண்டிகளோடு, நாட்டிலேயே சிறப்பாக நடந்த போக்குவரத்து நிறுவனங்களில் ஒன்று என்று அது பெயர் பெற்றது.

பேருந்து ஓட்டுபவருக்கு இயற்பியல் புத்தகம் வேண்டியதில்லை. சாலையே அதைக் கற்றுக்கொடுத்துவிடும். பொள்ளாச்சியிலிருந்து பழனி அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம், அவ்வளவே. ஆனால் பழனிக்குப் போகும் வண்டியும் பொள்ளாச்சிக்குத் திரும்பும் வண்டியும் ஒரே வேகத்தில் ஓடினாலும் அவற்றின் திசைவேகம் ஒன்றல்ல. வேகத்தோடு எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது திசைவேகம். காலையில் பொள்ளாச்சியில் புறப்பட்ட வண்டி பழனி போய் மாலையில் பொள்ளாச்சிக்கே வந்து நின்றால், ஓடிய தூரம் 120 கிலோமீட்டருக்கு மேல். இடப்பெயர்ச்சியோ சுழி, எனவே அன்றைய சராசரித் திசைவேகமும் சுழி. பள்ளியில் இதைப் படித்தபோது, நாளெல்லாம் ஓடிய வண்டிக்குச் சுழியா என்று நாம் சிரித்திருக்கிறோம். எதிரும் புதிருமாக வரும் வண்டிகளை நினைத்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். ஒன்று 40-இல் வருகிறது, மற்றொன்றும் 40-இல் வருகிறது. அவை ஒன்றையொன்று நெருங்குவது 80-இல். இரு ஓட்டுநர்களின் வேகமானியிலும் அந்த 80 தெரியாது.

மூன்றாவது, முடுக்கம். திசைவேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதுதான் முடுக்கம். பேருந்தில் நின்றுகொண்டே போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வண்டி சீராக ஓடும்போது நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. கிளம்பும்போதும், பிரேக் போடும்போதும், வளைவில் திரும்பும்போதும்தான் கம்பியைப் பிடிக்கிறோம். நின்ற வண்டி 10 வினாடியில் மணிக்கு 36 கிலோமீட்டரை, அதாவது வினாடிக்கு 10 மீட்டரை எட்டினால், முடுக்கம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 1 மீட்டர் வீதம். கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கும் அது தாங்கும். அதே வண்டி 2 வினாடியில் நின்றால் மாற்றம் ஐந்து மடங்கு. ஆள்மேல் ஆள் விழுவார்கள். நல்ல ஓட்டுநர் என்று நாம் சொல்வது வேகமாகப் போகிறவரை அல்ல, நம்மை அசைக்காமல் கொண்டுபோகிறவரைத்தானே!

1937-இல் நாயுடு, பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, நம் நாட்டிலேயே முதன்முதலாக ஒரு மின் மோட்டாரை உருவாக்கினார். பாலசுந்தரம் பின்னர் தொடங்கிய டெக்ஸ்டூல் நிறுவனம் நம் கணபதியில்தான் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லியே இன்றும் சத்தி சாலையில் வழி கேட்கிறோம். மோட்டார் பட்டறைகளில் வேலை செய்யும் நம் பங்கு மக்களுக்கு நிமிடத்துக்கு 1440 சுற்று என்றால் நன்றாகத் தெரியும். சுற்று மாறவே இல்லை என்றாலும், சுழலும் உருளையின் ஓரத்தில் வைத்த புள்ளியின் திசை ஒவ்வொரு கணமும் மாறுகிறது. ஆகவே அதற்கும் முடுக்கம் உண்டு. வளைவில் ஆக்சிலரேட்டரைத் தொடாத வண்டிக்கும் அதே நிலைதான். அந்த முடுக்கத்தைத் தருவது டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு மட்டுமே. சாலையில் மணல் கிடந்தால் அதுவும் குறைந்துவிடும்.

சவரக்கத்தி, பழச்சாறு பிழியும் கருவி, கணக்கிடும் இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி என்று அவர் செய்தவை பல. 1945-இல் கோவையில் தொழிற்கல்வி நிலையம் அமையக் காரணமாயிருந்தார். பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் வீண், குறைந்த காலமே போதும் என்று வாதாடினார், அரசு ஏற்கவில்லை, விலகிவிட்டார். 1952-இல் இருவர் அமரும் காரை 2,000 ரூபாய்க்குத் தர முடியும் என்றார், உரிமம் கிடைக்கவில்லை. பின்னர் வரிக் கொள்கையை எதிர்த்துத் தம் கருவிகளைத் தாமே பொதுமேடையில் உடைத்தார். அந்தக் கோபத்தை நம்மால் புரிந்துகொள்ள முடிகிறது. உடைத்ததை மட்டும் மனம் ஏற்கவில்லை. அவர் பெரியாரின் நண்பர்.  எனினும் நம் ஊர் மக்களின் கைக்கு வேலை தந்தவர்களில் அவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1974 ஜனவரி 4 அன்று இறந்தார்.

மீண்டும் அந்தத் தம்பியிடம் வருவோம். நம் பணிக்காலத்தில் இருசக்கர வண்டியால் இறந்த இளைஞர்களுக்கு எத்தனை அடக்கத் திருப்பலி நிறைவேற்றினோம் என்று எண்ண மனம் வரவில்லை. எனவே அவரை விடாமல், அலுவலகத்துக்கு அழைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டோம். மேம்பாலத்தின் நீளம் 10 கிலோமீட்டர் என்று கொள்வோம். 60-இல் போனால் 10 நிமிடம். 120-இல் போனால் 5 நிமிடம். மிச்சம் 5 நிமிடம். கீழே இறங்கியதும் முதல் சிக்னலிலேயே அதில் பாதி போய்விடும்.

அடுத்து, நிற்பதற்கான தூரம். மணிக்கு 36-இல் போகிறவர் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறையுமாறு பிரேக் பிடித்தால் 10 மீட்டரில் நிற்பார். 72-இல் போனால் 20 மீட்டர் என்று தம்பி சொன்னார். இல்லை, 40 மீட்டர். வேகம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. 120-க்கு எவ்வளவு என்று அவரையே போடச் சொன்னோம். 110 மீட்டரைத் தாண்டியது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போகும் ஒரு வினாடிக்குள் ஓடும் 33 மீட்டரை அதில் இன்னும் சேர்க்கவில்லை.

கோவில் வாசலிலிருந்து சாலை வரை எவ்வளவு இருக்கும் ஃபாதர் என்று கேட்டார். வெளியே வந்து இருவரும் அடி வைத்து அளந்தோம். 48 அடி வைத்ததும் சாலை வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் நின்றார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மெதுவாகக் கிளம்பினார்.