வண்டிக்கு விசை கொடுத்த வல்லுநர்

இக்காலத்தில் மோட்டார் வண்டி ஓட்டுவோர் ஒரு திறவுகோலைத் திருப்பியோ, ஒரு பொத்தானை அழுத்தியோ எஞ்சினை இயக்கிவிடுகின்றனர். நூறாண்டுகட்கு முன்னர் இஃது எளிய செயலன்று. வண்டியின் முன்புறம் நின்று, இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகி, உடல்வலிமை முழுவதும் கொண்டு சுழற்றுதல் வேண்டும். தீப்பொறி உரிய நேரத்திற்கு முன்னரே எழுமாயின், அக்கைப்பிடி எதிர்த்திசையில் உதைத்துத் திரும்பும். அதனால் மணிக்கட்டு முறிந்து துன்புற்றோர் பலர். இவ்விடரை நீக்கி உலகிற்கு உதவிய பெருமை, அமெரிக்க நாட்டுப் பொறியியல் வல்லுநராகிய சார்லஸ் கெட்டரிங் என்பாரைச் சாரும்.

கெட்டரிங், ஒகாயோ மாநிலத்து லௌடன்வில் என்னும் சிற்றூரின் அருகே, உழவர் குடியொன்றில், 1876ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் பிறந்தார். கல்வியில் ஆர்வம் மிகுந்த அவருக்குக் கண்கள் துணைநிற்கவில்லை. நெடுநேரம் படித்தால் கண்வலியும் தலைவலியும் அவரை வருத்தின. சில காலம் பள்ளி ஆசிரியராக அமர்ந்து பணியாற்றியபின், ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆங்கும் கண்நோய் அவரை விடவில்லை. படிப்பை இடையில் நிறுத்திவிட்டுத் தொலைபேசிக் கம்பி அமைக்கும் வேலைக்குச் சென்றார். திறந்த வெளியில் உழைத்தமையால் கண்களும் ஓய்வு பெற்றன. மின்சாரத்தின் இயல்பையும் அவர் நேரில் கற்றார். உடல் தேறியதும் மீண்டும் பல்கலைக்கழகம் புகுந்து, 1904ஆம் ஆண்டில் மின்பொறியியலில் பட்டம் பெற்றார். உடன்படித்தோர் பலரினும் அகவையில் மூத்தவராயிருந்ததை அவர் இழிவாகக் கருதவில்லை.

அதன்பின் டேட்டன் நகரில், கடைகட்குரிய பணப்பதிவுப் பொறிகளைச் செய்யும் நிறுவனமொன்றில் பணியேற்றார். அப்பொறிகள் அந்நாளில் கையால் சுழற்றி இயக்கப்பட்டன. அவற்றைச் சிறிய மின்மோட்டாரால் இயக்கும் வழியைக் கெட்டரிங் கண்டறிந்தார். அவ்வேலைக்கு வேண்டுவது ஒரு கணத்து வலிமையேயன்றி, நாள் முழுவதும் உழைக்கும் ஆற்றலன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார். இந்நுண்ணறிவே பின்னாளில் அவருக்குப் பெரும்புகழை ஈட்டித் தந்தது.

எட்வர்டு டீட்ஸ் என்னும் நண்பரின் வீட்டுப் பின்புறத்திருந்த கொட்டகையில், ஓய்வு நேரங்களில் சில தோழருடன் கூடி அவர் ஆராய்ச்சி செய்துவந்தார். 1909ஆம் ஆண்டில் அவரும் டீட்சும் இணைந்து டெல்கோ என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். காடிலாக் வண்டி நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லேலண்டு, கைப்பிடியின்றி வண்டியை இயக்கும் கருவி ஒன்றை விரும்பினார். எஞ்சினைச் சுழற்றவல்ல மின்மோட்டார், வண்டி தாங்கவியலாத அளவு பெரிதாயிருக்கும் என்பதே அந்நாளைய அறிஞர் பலரின் கருத்து. கெட்டரிங்கோ, சில நொடிகள் மட்டுமே உழைக்கவேண்டிய மோட்டார், தன் அளவிற்கு மீறிய சுமையையும் அச்சிறுபொழுதில் தாங்கும் எனத் தெளிந்தார். 1911ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கருவி வெற்றியுடன் இயங்கியது. 1912ஆம் ஆண்டுக்குரிய காடிலாக் வண்டிகளில் அது பொருத்தப்பட்டது. தோள்வலிமை இல்லாதாரும் தாமே வண்டியோட்டும் காலம் இதனால் பிறந்தது.

இக்கருவிக்கு உயிர்நாடியாய் விளங்குவது பாட்டரி எனப்படும் மின்கல அடுக்கு. பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே 1859ஆம் ஆண்டில் அமைத்த ஈய மின்கலமே இதற்கு மூலமாகும். நீர்த்த கந்தக அமிலத்தில் ஈயத் தகடுகள் அமைந்த ஒவ்வொரு கலமும் ஏறக்குறைய 2 வோல்ட் மின்னழுத்தம் தரும். ஆறு கலங்கள் சேர்ந்து 12 வோல்ட் தரும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின், மின்னாக்கி ஒன்று செலவான மின்னாற்றலை மீண்டும் பாட்டரியில் நிரப்பும்.

விளக்கை அணைக்க மறந்தால் பாட்டரி வறிதாகும்; வண்டி அசையாது. அப்பொழுது அதே மின்னழுத்தமுள்ள பாட்டரியுடைய மற்றொரு வண்டி துணைசெய்யலாம். சிவப்புக் கம்பியால் இரண்டு நேர்முனைகளை இணைப்பர். கருப்புக் கம்பியின் ஒரு முனையை நல்ல பாட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையை நின்றுபோன எஞ்சினின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியிலும், பாட்டரிக்குத் தொலைவில் பொருத்துவர். பாட்டரியினின்று எழும் ஹைட்ரஜன் வளி எளிதில் தீப்பற்றும். இறுதி இணைப்பில் எழும் சிறுபொறி அதனருகே நேர்தலாகாது என்பதே இதன் காரணம். பின்னர் நல்ல வண்டியை இயக்கி, சிறிது பொழுது கழித்து மற்றதை இயக்குவர். அது புறப்பட்டதும், கம்பிகளை இணைத்த முறைக்கு எதிர்முறையில் கழற்றுவர். மாணவர்களே! அறிந்தார் துணையின்றி இதனை முயலுதல் கூடாது.

கெட்டரிங் 1920ஆம் ஆண்டு முதல் 1947ஆம் ஆண்டு வரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சித் துறையை நடத்தினார். அவர்தம் வாழ்வில் ஒரு மறுவும் உண்டு. அதனை மறைத்தல் அறமன்று. எஞ்சினில் எழும் இடிப்பொலியைப் போக்க, அவருடைய மேற்பார்வையில் தாமஸ் மிட்ஜ்லி என்பார் 1921ஆம் ஆண்டில் ஈயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் கலந்தார். அதனைச் செய்த தொழிலாளர் சிலர் 1924ஆம் ஆண்டில் நஞ்சேறி மாண்டனர். எனினும் கெட்டரிங் அதன் விற்பனையை ஆதரித்தே நின்றார். அப்புகையிலுள்ள ஈயம் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது பின்னர்த் தெளிவாயிற்று. இந்தியா 2000ஆம் ஆண்டில் அப்பெட்ரோலை விலக்கியது. உலகச் சாலைகளிலிருந்து அது முற்றும் நீங்கியது 2021ஆம் ஆண்டிலேயாம். பாட்டரிக்குள் அடங்கிநின்று உதவிய ஈயம், காற்றிற் கலந்து கேடு விளைத்தது.

புற்றுநோய் ஆராய்ச்சிக்கென 1945ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தொடங்கப்பெற்ற நிலையம் அவர் பெயரையும் தாங்கி இன்றும் தொண்டாற்றுகிறது. 1958ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

கண்நோய் தடுத்தும் கல்வியைக் கைவிடாத ஊக்கமும், பிறர் இயலாதென்றதை ஆராய்ந்து பார்க்கும் துணிவும் அவரிடம் நாம் கற்கத்தக்கவை. நன்மையைக் கண்டுபிடிக்கும் அறிவோடு, தீமையைக் கண்டவிடத்து நிறுத்தும் நெஞ்சுரமும் வேண்டும் என்பதையும் அவர் வரலாறே நமக்கு உணர்த்துகிறது.