சராசரியில் நிலைத்த வீரர் விஜய் மெர்ச்சண்ட்

சிறுதுளி பெருவெள்ளம் என்பது முதுமொழி. ஓட்டம் ஓட்டமாகச் சேர்த்துக் கிரிக்கெட் உலகில் அழியாப் புகழ் பெற்றவர் விஜய் மெர்ச்சண்ட் ஆவார். இவர் 1911ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். குடும்பப் பெயர் தாக்கர்சி. பள்ளியில் தந்தையின் தொழிலையே பெயராக எழுதிவிட்டதால், வணிகர் என்று பொருள்படும் மெர்ச்சண்ட் என்ற பெயர் நிலைத்தது என்பர்.

நம் திருவண்ணாமலைத் தெருக்களில் விளையாடும் சிறுவர்கள், யார் அதிகம் அடித்தார் என்றே பார்ப்பார்கள். கணக்கு அதோடு முடிவதில்லை. எடுத்த ஓட்டங்களை, ஆட்டமிழந்த தடவைகளால் வகுக்க வேண்டும். அதுவே மட்டையாளரின் சராசரி.

மெர்ச்சண்ட் 150 முதல்தரப் போட்டிகளில், 234 இன்னிங்ஸ் ஆடி 13,470 ஓட்டங்கள் எடுத்தார். இவற்றுள் 46 முறை ஆட்டமிழக்கவில்லை. ஆகவே 188ஆல் வகுக்கிறோம். விடை 71.64. முதல்தரப் போட்டிகளில் பத்தாயிரம் ஓட்டங்களைக் கடந்தவர்களுள் இவருக்கு மேல் நிற்பவர் ஆஸ்திரேலியாவின் பிராட்மன் (95.14) ஒருவரே!

234ஆல் வகுத்தால் 57.56தானே வரும், அதுவன்றோ சரி என்று தோழியர் கேட்கலாம். தேர்வு எழுதும்போது பாதியில் விடைத்தாளை வாங்கிக்கொண்டால், எழுதாத விடைகளுக்கு நாம் பொறுப்பாவோமா? ஆட்டமிழக்காதவர் நிலையும் அதுவே. அவரைப் பந்துவீச்சாளர் எவரும் வெல்லவில்லை.

ஆயினும் சராசரி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மெர்ச்சண்ட் 1933 முதல் 1951 வரை ஆடிய டெஸ்ட் போட்டிகள் பத்தே பத்து. 1936இல் மான்செஸ்டரில் முஷ்டாக் அலியுடன் 203 ஓட்டங்கள் சேர்த்து, தாமும் சதம் அடித்தார். அந்தத் தொடருக்குப் பின் 1946 வரை இந்தியாவுக்கு டெஸ்ட் போட்டியே கிடையாது. இடையில் உலகப்போர் மூண்டது. ஒரு வீரரின் நல்ல வயதெல்லாம் அதில் கழிந்தது. 859 ஓட்டங்கள், 47.72 சராசரி என்ற கணக்கில் அந்தப் பத்தாண்டு இழப்பு எங்கும் தெரிவதில்லை.

அவரோ மனம் தளரவில்லை. 1951இல், நாற்பதாம் வயதில், டெல்லியில் இங்கிலாந்துக்கு எதிராக 154 ஓட்டங்கள் குவித்தார். அதே ஆட்டத்தில் தோளில் அடிபட்டதால் அதுவே கடைசி டெஸ்டாயிற்று. பின்னர் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலைவாய்ப்புத் தேடித் தருவதில் ஈடுபட்டார். 1987ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் மறைந்தார்.

பொதுத்தேர்வை எதிர்நோக்கும் நாமும் மதிப்பெண்களைக் கூட்டி வகுத்துச் சராசரி காண்கிறோம். அந்த எண் நம் உழைப்பைக் காட்டும். நமக்குக் கிட்டாத வாய்ப்பைக் காட்டாது. எனவே பிறரை எண்ணால் மட்டும் எடைபோடாது, கிடைத்த வாய்ப்பை மெர்ச்சண்டைப் போல் முழுமையாகப் பயன்படுத்துவோமாக!