தனித்தொகுதி: பிள்ளைகளுக்குப் பொருள் சொல்வோம்

தேர்தல் வந்தால் நம் பிள்ளைகள் காதில் விழும் சொல் தனித்தொகுதி. அங்கே நம் மக்கள் மட்டுமே ஓட்டுப் போடுவார்கள் என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. அந்தச் சொல்லை விளக்க, இரட்டைமலை சீனிவாசனின் வாழ்க்கையையே நாம் எடுத்துக்கொள்ளலாம்.

செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர் அவர். கோயம்புத்தூரில் படித்தபோது, சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடாமல் ஒதுங்கியே இருந்தார். அதே மனிதர் 1893-ல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார்.

தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியவர், 1923-ல் சென்னை சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 'நியமனம்' என்ற சொல்லை இங்கே விளக்க வேண்டும். சொத்தும் வரியும் பார்த்து ஓட்டுரிமை தந்த காலம் அது. சேரியில் பெரும்பாலோருக்கு ஓட்டில்லை. அதனால் நம் பிரதிநிதிகளை அரசுதான் நியமித்தது.

அடுத்த சொல் 'பொதுவழி'. பொதுச்சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்று 1924-ல் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். 1925-ல் அது அரசிதழில் வெளியானது.

1930-லும் 1931-லும் லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கரோடு அமர்ந்தார். அதன் பயனாக 1932 ஆகஸ்டில் 'இரட்டை வாக்குரிமை' அறிவிக்கப்பட்டது. ஒரு ஓட்டு நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்க. மற்றொன்று பொதுத்தொகுதி வேட்பாளருக்கு. காந்தியார் அதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. சீனிவாசனும் கையெழுத்திட்டார். மாகாணங்களில் 71 ஆக இருந்த இடங்கள் 148 ஆயின. ஆனால் நம் பிரதிநிதியை நாம் மட்டுமே தேர்ந்தெடுக்கும் உரிமை போனது.

இன்றைய தனித்தொகுதி அந்த வழியில் வந்ததுதான். நிற்பவர் நம்மவர், ஓட்டுப் போடுபவர் ஊரும் சேரியும் சேர்ந்த எல்லோரும். ஆகவே வென்றவர் நம் தெருவுக்கு வராமலேயே மறுபடியும் வெல்ல முடிகிறது. ஏன் வரவில்லை என்று கேட்க, முதலில் இந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

சீனிவாசன் 1945 செப்டம்பர் 18-ல் மறைந்தார். அவர் நினைவு நாளில் மாலை போடுகிறோம், நல்லதுதான். அன்று மாலைநேரப் படிப்பகத்தில் கரும்பலகையில் நியமனம், பொதுவழி, இரட்டை வாக்குரிமை, தனித்தொகுதி என்ற 4 சொற்களையும் எழுதிப் பிள்ளைகளிடம் பொருள் கேட்போம். 18 வயதில் வாக்குச்சாவடிக்குப் போகும்போது, அவர்கள் தெரிந்தே போகட்டும்.